அப்பா பெயரில் ஃபவுண்டேஷனா, டி.ஏ.எஃப். கணக்கா?

கேள்வி: நானும் மனைவியும் டெக்சாஸில், டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். நான் ஆரம்பத்திலேயே சேர்ந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியை இப்போது பெரிய கம்பெனி ஒன்று வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. அந்தக் காலத்தில் பங்குகளுக்கு நான் போட்டது 25,000 டாலர். விற்றால் சுமார் 60 லட்சம் டாலர் வரும் என்கிறார்கள். சம்பளம் தனியாக ஆண்டுக்கு 4 லட்சம். இதில் 12 லட்சம் டாலரை நல்ல காரியத்துக்கு என்று ஒதுக்க இருவரும் முடிவு செய்திருக்கிறோம். என் அப்பா தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து காலமானவர். அவர் பெயரில் பிரைவேட் ஃபவுண்டேஷன் தொடங்கி, ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் தர ஆசை. தம்பி ஊரில் இருக்கிறான், பிள்ளைகளைத் தேர்வு செய்வது, பணம் கொடுப்பது எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். அவனுக்கு ஒரு மாதச் சம்பளமும் தரலாம் என்று எண்ணம். நண்பர் ஒருவர், 'ஃபவுண்டேஷன் எல்லாம் வீண் அலைச்சல், டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் (டி.ஏ.எஃப்.) போட்டுவிடு' என்கிறார். எங்களுக்குப் பிறகு கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் இதைத் தொடர வேண்டும் என்றும் ஆசை. எது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொன்ன முடிவு சரி, ஆனால் அவர் சொன்ன காரணம் உங்கள் விஷயத்தில் இரண்டாம்பட்சம். அலைச்சலுக்குப் பயந்து டி.ஏ.எஃப். பக்கம் போகச் சொல்லவில்லை. நீங்கள் கொடுக்கப்போவது இன்னும் விற்காத, சந்தையில் இல்லாத பங்கு. பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தியா. இந்த இரண்டும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. (ஃபவுண்டேஷன் தொடங்கச் சொன்னால் என் போன்ற ஆலோசகர்களுக்கு ஃபீஸ் அதிகம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இரண்டும் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.ஏ.எஃப். என்பது ஏற்கெனவே பொது அறநிறுவனமாக இருக்கும் ஓர் அமைப்புக்குள் உங்கள் பெயரில் வைக்கப்படும் தனிக் கணக்கு. ஃபிடெலிட்டி சாரிட்டபிள், வான்கார்ட் சாரிட்டபிள், முன்பு ஷ்வாப் சாரிட்டபிள் என்றிருந்து 2024-ல் டாஃப்கிவிங்360 என்று பெயர் மாறியது, அப்புறம் ஒவ்வொரு நகரத்தின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்கள் எல்லாம் இப்படிக் கணக்கு வைத்திருக்கின்றன. பணத்தைப் போட்ட அன்றே வரிக் கழிவு, அதாவது அந்தத் தொகையை வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமை, கிடைக்கும். எந்த அமைப்புக்கு, எப்போது தர வேண்டும் என்று பிறகு நிதானமாகப் பரிந்துரைக்கலாம். சட்டப்படி அந்த நொடியிலிருந்து பணம் அவர்களுடையது. நீங்கள் ஆலோசனை சொல்பவர் மட்டுமே. பிரைவேட் ஃபவுண்டேஷன் என்பது நீங்களே பதிவு செய்யும் தனி நிறுவனம். இயக்குநர் குழு உங்களுடையது, முதலீடு உங்களுடையது, தவறு நடந்தால் அபராதமும் உங்களுடையது.

சரி, வரிக்கு வருவோம். அதற்குள் போவதற்கு முன் நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். உங்கள் பங்குகள் வருமான வரிச் சட்டத்தின் 1202-ஆம் பிரிவில் வரும் 'தகுதி பெற்ற சிறு தொழில் பங்கு' வகையா? கம்பெனி சி-கார்ப்பரேஷனாக (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் வகை) இருந்து, பங்கு கொடுத்தபோது கம்பெனியின் மொத்தச் சொத்து 5 கோடி டாலருக்குள் இருந்து, 2010 செப்டம்பருக்குப் பிறகு கம்பெனியிடமிருந்தே நேரடியாக வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால், ஒரு கோடி டாலர் வரை லாபத்துக்கு ஃபெடரல் வரியே கிடையாது. ஆரம்பத்திலேயே சேர்ந்தவர் என்கிறீர்கள். அப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் கதையே மாறிவிடும். வரியே இல்லாத லாபத்துக்கு வரி மிச்சம் பிடிக்க பங்கை தானம் செய்வதில் அர்த்தமில்லை. அந்த 60 லட்சம் உங்கள் வருமானக் கணக்கிலேயே ஏறாது, ஏறுவது சம்பளம் 4 லட்சம் மட்டும். டி.ஏ.எஃப்.-க்குத் தரும் ரொக்கத்தில் வருமானத்தின் 60% வரைதான் ஓர் ஆண்டில் கழிக்க முடியும், அதாவது 2,40,000 டாலர். மிச்சத்தை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்றாலும், அவசரப்பட்டு ஒரே ஆண்டில் 12 லட்சத்தைப் போட வேண்டிய காரணம் போய்விடுகிறது. விற்ற பிறகு ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று பிரித்துப் போடுவதே நல்லது. ஆகவே முதலில் கம்பெனியின் வக்கீலிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சலுகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது விற்பனைக்கு முன்பே பங்காகக் கொடுப்பதுதான் லாபம். 12 லட்சம் மதிப்புள்ள பங்கை டி.ஏ.எஃப்.-க்கு மாற்றினால், அந்தப் பங்கின் லாபத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய 20% மூலதன லாப வரியும் 3.8% முதலீட்டு வருமான வரியும் இல்லை. சுமார் 2,85,000 டாலர் அங்கேயே மிச்சம். இதற்கு மேல், பங்கின் முழு சந்தை மதிப்புக்கும் கழிவு உண்டு. மிச்சப் பங்கை விற்ற பிறகு உங்கள் வருமானம் 52 லட்சம் அளவில் இருக்கும். மதிப்பேறிய சொத்துக்கு வரம்பு 30%, அதாவது 15,60,000. உங்கள் 12 லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அதே பங்கை உங்கள் சொந்த ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தால்? வரம்பு 20% என்று குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையில் பட்டியலிடப்படாத பங்கை பிரைவேட் ஃபவுண்டேஷனுக்குத் தந்தால், நீங்கள் அதற்குப் போட்ட முதலுக்கு மட்டுமே கழிவு. உங்கள் 25,000-ல் ஐந்தில் ஒரு பங்கு 5,000 டாலர். 12 லட்சம் தானம், 5,000 கழிவு. 2025-ல் நிறைவேறிய புதிய வரிச் சட்டத்தின்படி, 2026 முதல் தானக் கழிவில் உங்கள் வருமானத்தின் முதல் அரை சதவீதம் கணக்கில் வராது. உங்களுக்கு அது 26,000 டாலர். ஆக அந்த 5,000-மும் அதற்குள் மறைந்து, கழிவு பூஜ்யம். விற்கும்போது ஃபவுண்டேஷனும் தன் பங்குக்கு லாபத்தில் 1.39% வரி, சுமார் 16,600 டாலர், கட்ட வேண்டும். டி.ஏ.எஃப்.-க்கு இந்த வரி கிடையாது.

விற்ற பிறகு ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபவுண்டேஷனுக்கு ரொக்க வரம்பு 30%. உங்கள் வருமானத்துக்கு அது தாராளம். ஆனால் லாபத்துக்கான வரியைக் கட்டிவிட்டுத்தான் கொடுப்பீர்கள். கழிவினால் வருமானத்தின் உச்ச விகிதமான 37% அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2026 முதல் அது 35%-க்கு மேல் போகாது. தவிர, கழிவு முதலில் சம்பளத்தைக் குறைக்கும். மிச்சம் 20% வரி விழும் லாபத்தைத்தான் குறைக்கும். உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வகைதான். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் கணக்கு இத்தோடு முடிகிறது.

இனி, இந்த விஷயத்தில் மக்கள் உண்மையிலேயே பணத்தைத் தொலைக்கும் இடம்: நேரம். மிச்சிகனில் மூன்று சகோதரர்கள் நடத்திய ஒரு குடும்பக் கம்பெனியை 2015-ல் விற்றார்கள். ஒரு சகோதரர் தன் பங்குகளில் 1,380-ஐ ஃபிடெலிட்டி சாரிட்டபிளில் டி.ஏ.எஃப். கணக்குக்குக் கொடுத்தார். விற்பனை நடக்காமல் போய், பங்கும் கையைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், விற்பனை கிட்டத்தட்ட உறுதியாகும் வரை மாற்றத்தைத் தள்ளிப்போட்டார். விற்பனை முடிவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பங்கு மாறியது. வரி நீதிமன்றம் 2023-ல் தீர்ப்புச் சொன்னது: அந்த நேரத்தில் விற்பனை நிச்சயமாகிவிட்டது, ஆகவே லாபம் உங்களுடையது, வரி கட்டுங்கள். அதோடு நிற்கவில்லை. பங்கின் மதிப்பீட்டைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் வாங்காமல், விற்பனையைக் கவனித்த நிதி ஆலோசகரிடமே செலவில்லாமல் வாங்கியிருந்தார். அதனால் 32,82,511 டாலர் கழிவும் முழுதாக மறுக்கப்பட்டது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பங்கும் போனது, வரியும் கட்டினார், கழிவும் இல்லை. தானம் நிஜமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஆனாலும் தப்பவில்லை.

ஆகவே உங்கள் பங்கு மாற்றம், இறுதி விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முன்பு என்றால் முந்தின நாள் மாலை என்று பொருளில்லை. வாங்குபவர் பின்வாங்கலாம், விலை மாறலாம் என்ற நிலை உண்மையிலேயே இருக்கும்போது. 'விற்பனை நடக்காவிட்டால் என்ன' என்ற பயம் உங்களுக்கும் வரும். வரட்டும். அந்த அபாயத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதால்தான் சலுகை கிடைக்கிறது. இதற்கு நடைமுறையில் சில வேலைகள் உண்டு. பங்கை வேறொருவருக்கு மாற்றக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம். கையில் இருப்பது ஆப்ஷன் (பங்கைப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை) மட்டும் என்றால் அதைத் தானம் செய்ய முடியாது. பங்காக மாற்றி ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். மதிப்பீடு தானத் தேதிக்கு 60 நாளுக்கு முன்பு இருக்கக் கூடாது, வரிப் படிவம் தாக்கல் செய்வதற்குள் கையில் இருக்க வேண்டும். பணமல்லாத தானத்தை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 8283 படிவத்தில் மதிப்பீட்டாளரும் டி.ஏ.எஃப். அமைப்பும் கையெழுத்திட வேண்டும். பட்டியலிடப்படாத பங்கை வாங்கிக்கொள்ள டி.ஏ.எஃப். அமைப்புகளும் ஆவணங்களைப் பார்த்துச் சில வாரம் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக ஃபவுண்டேஷன் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து, 600 டாலர் கட்டி வரி விலக்குக்கான 1023 விண்ணப்பம் போட்டு இதையெல்லாம் முடிப்பதற்குள் உங்கள் கம்பெனி விற்றுப்போயிருக்கும்.

இப்போது ஊருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது ஸ்காலர்ஷிப் பகுதிதான்.

அமெரிக்கச் சட்டத்தைப் பொறுத்தவரை, தனி மனிதர்களுக்குப் பணம் தருவது டி.ஏ.எஃப்.-ஆல் முடியாது. கொடுத்தால் அமைப்புக்கு 20% அபராத வரி, ஆகவே அவர்கள் கொடுக்கமாட்டார்கள். பிரைவேட் ஃபவுண்டேஷனால் முடியும். ஆனால் தேர்வு முறையை முன்கூட்டியே அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-இடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்: யார் விண்ணப்பிக்கலாம், யார் தேர்வு செய்வார்கள், தேர்வுக் குழுவின் சொந்தக்காரப் பிள்ளைகளை எப்படித் தவிர்ப்பீர்கள், மதிப்பெண் பட்டியலை எப்படி வாங்குவீர்கள் என்றெல்லாம். விண்ணப்பித்து 45 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளலாம். 'தம்பிக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், அவன் பார்த்துக்கொள்வான்' என்பது தேர்வு முறை ஆகாது. காகிதத்தில் பார்த்தால் இது ஃபவுண்டேஷனுக்குச் சாதகமான ஒரே பெரிய காரணம். இந்தியப் பக்கத்தைப் பார்க்கும்போது அதுவும் தேய்ந்துவிடுகிறது.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ., இருக்கிறது. கல்விப் பணி செய்யும் எந்த அமைப்பும் வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஃபவுண்டேஷன் அமெரிக்க நிறுவனம். அதன் பணம் வெளிநாட்டுப் பணம். நீங்கள் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால் உங்கள் சொந்தப் பணமும் அப்படியே. இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இதில் உதவாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருக்குச் செல்லுபடியாவது உங்களுக்குச் செல்லாது. வாட்ஸ்அப் குழுக்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

தம்பி பெயரில் ஊரில் ஒரு டிரஸ்ட் பதிவு செய்து அதற்கு அனுப்பலாமே என்று அடுத்துத் தோன்றும். வழக்கமான பதிவு கிடைக்க அந்த டிரஸ்ட் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். அதுவரை பணம் இந்தியாவிலேயே திரட்டப்பட்டதாக இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு ஒன்று வெளிநாட்டுப் பணத்தை வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆக, சென்னையில் உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து தம்பியின் டிரஸ்டுக்கு என்ற வழியும் அடைபட்டது. எல்லாப் பணமும் டெல்லி சன்சத் மார்க்கில் இருக்கும் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20%-க்கு மேல் கூடாது. இதுவரை 20,000-க்கு மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருக்கிறது. எந்த அமைப்புக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அதன் பதிவு இன்று உயிரோடு இருக்கிறதா என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அமெரிக்கப் பக்கமும் சும்மா விடாது. ஃபவுண்டேஷன் நேராக இந்திய அமைப்புக்குக் கொடுத்தால், ஒன்று அந்த அமைப்பு அமெரிக்கப் பொது அறநிறுவனத்துக்குச் சமம் என்ற சட்ட நிர்ணயம் வேண்டும். என்ஜிஓசோர்ஸ் போன்றவை 2013 முதல் இதைச் செய்துதருகின்றன. இல்லையென்றால் செலவுப் பொறுப்பு முறை: முன்விசாரணை, எழுத்து ஒப்பந்தம், ஆண்டறிக்கை, அதை உங்கள் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவத்தில் மறுபடி எழுதுவது. தவறினால் ஃபவுண்டேஷனுக்கு 20% வரி. வார இறுதியில் நீங்களும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், முதல் ஆண்டு செய்வீர்கள்.

டி.ஏ.எஃப். வழியில் இந்தச் சுமையை வேறொருவர் தூக்குகிறார். அங்கிருந்து பணம் அமெரிக்காவில் பதிவான ஒரு பொது அறநிறுவனத்துக்குப் போகும். அது தன் பொறுப்பில் இந்தியாவில் செலவிடும். கேஃப் அமெரிக்கா, கிவ்2ஏஷியா போன்றவை இதற்காகவே இருக்கின்றன. கல்விக்கு என்றால் ஹூஸ்டனில் தலைமையகம் உள்ள பிரதம் யு.எஸ்.ஏ., 1991-ல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கிய ஆஷா ஃபார் எஜுகேஷன், நம்மவர்கள் நடத்தும் தமிழ்நாடு அறக்கட்டளை என்று பேசிப் பார்க்க இடங்கள் உண்டு. இதில் ஒரு நிபந்தனை, 1963-லேயே ஐ.ஆர்.எஸ். வகுத்தது: அமெரிக்க அமைப்பு வெறும் தபால்காரராக இருக்கக் கூடாது, பணத்தின் மீது முடிவெடுக்கும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். 'எங்கள் வட்டார அரசுப் பள்ளிகளில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகளுக்கு' என்று நீங்கள் விருப்பம் சொல்லலாம். 'கிழக்குத் தெரு இன்னார் மகளுக்கு' என்று சொல்ல முடியாது. உங்களுக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு இது நல்லதாகப் படுகிறது. ஊரில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பேச்சு தம்பி வீட்டு வாசலுக்கு வராது.

தம்பி விஷயத்தில் சட்டம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. பிரைவேட் ஃபவுண்டேஷன் விதிகளில் குடும்பம் என்றால் கணவன் மனைவி, பெற்றோர் வழி முன்னோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள், இவர்களை மணந்தவர்கள். உடன்பிறந்தவர்கள் அதில் இல்லை! ஆகவே உங்கள் ஃபவுண்டேஷன் தம்பிக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதில் அந்த விதிகள் குறுக்கே வராது. டி.ஏ.எஃப். விதிகளிலோ உடன்பிறந்தவர்களும் குடும்பம்தான். கணக்கிலிருந்து தம்பிக்கு நேராக எதுவும் போகக் கூடாது. உங்கள் பரிந்துரையால் போன பணத்தில் தம்பிக்கு ஆதாயம் வந்தால், அந்த ஆதாயத்தின் மீது 125% அபராத வரி விதிக்க இடமிருக்கிறது. இந்திய அமைப்பு ஒன்றில் அவரை வேலைக்கு வைக்கச் சொல்லிவிட்டு அந்த அமைப்புக்கு நீங்கள் நிதி தருவதும் இதே வம்புதான்.

ஆனால் தம்பிக்குச் சம்பளம் தருவதற்காக ஒரு ஃபவுண்டேஷனையே கட்டுவது சுற்றுவழி. அவருக்கு உதவ வேண்டுமா, உங்கள் சொந்தப் பணத்தில் அனுப்புங்கள். 2026-ல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை கிஃப்ட் டாக்ஸ் படிவம் வேண்டாம். நீங்களும் மனைவியும் தனித்தனியாகக் கொடுக்கலாம். அண்ணன் கொடுத்ததற்கு அவருக்கு இந்தியாவில் வருமான வரியும் இல்லை. ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் அவர் உள்துறை அமைச்சகத்துக்கு மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் வெளிநாட்டவர். ஆனால் அந்தப் பணத்தை அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பாகப் பங்கிடுவது என்று ஆரம்பித்தால் மறுபடி எஃப்.சி.ஆர்.ஏ. வந்துவிடும். அவருக்கு என்றால் அவருக்கு மட்டும்.

செலவு பற்றி நண்பர் நிறையச் சொல்லியிருப்பார், நான் சுருக்கமாக விடுகிறேன். ஃபிடெலிட்டி சாரிட்டபிள் முதல் 5 லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 0.60% எடுக்கிறது, அதற்கு மேல் விகிதம் குறைந்துகொண்டே போகும். உங்கள் 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 டாலர், முதலீட்டுச் செலவு தனி. ஃபவுண்டேஷனில் தொடங்கும் செலவு, ஆண்டுதோறும் 990-பிஎஃப், கணக்கு, வக்கீல் என்று இதைப்போல இரண்டு மூன்று மடங்கு சுலபமாக ஆகும். அந்தப் படிவத்தில் உங்கள் பெயர், கொடுத்த தொகை, யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். ஊரில் நிலம் விற்க வருபவர் முதல் கடன் கேட்டு வருபவர் வரை பார்ப்பார்கள்.

ஆனால் டி.ஏ.எஃப். குறையே இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஆலோசனை' என்ற சொல்லுக்கு நிஜமான பலம் உண்டு. 2017 கடைசியில் ஒரு தம்பதி 19 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகளை ஃபிடெலிட்டி சாரிட்டபிளுக்குக் கொடுத்தார்கள். மெதுவாக விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு அந்த அமைப்பு உடனே விற்று விலையைக் கெடுத்துவிட்டது என்று தம்பதி வழக்குப் போட்டார்கள். 2021-ல் கலிபோர்னியா ஃபெடரல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். கொடுத்த பிறகு கொடுத்ததுதான். எந்த அமைப்பில் கணக்கு வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2009-ல் வர்ஜீனியாவில் ஒரு டி.ஏ.எஃப். அமைப்பு திவாலானபோது, கொடையாளர்கள் தங்கள் கணக்கு என்று நினைத்திருந்த பணம் கடன்காரர்களுக்குப் போனது. தெரியாத பெயராக இருந்தால், கட்டணம் குறைவு என்பதற்காகப் போகாதீர்கள்.

இன்னொரு குறை, கொடையாளர்களிடமே இருப்பது. ஃபவுண்டேஷன் தன் சொத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5% கொடுத்தாக வேண்டும். உங்கள் தொகைக்கு 60,000 டாலர். கொடுக்காவிட்டால் கொடுக்காத தொகையில் 30% வரி. டி.ஏ.எஃப்.-க்கு இந்தக் கட்டாயம் இல்லை. கழிவு வாங்கியாகிவிட்டது, பணம் வளர்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று பல கணக்குகள் தூங்குகின்றன. என்னிடம் வருபவர்களிடம் கணக்குத் திறக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்வேன்: ஆண்டுக்கு எவ்வளவு, எந்த மாதத்தில். ஸ்காலர்ஷிப் என்றால் ஜூன் மாதக் கல்லூரிச் சேர்க்கைக்கு முன் இந்திய அமைப்பின் கையில் பணம் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் ஜனவரியிலேயே பரிந்துரைக்க வேண்டியிருக்கும்.

பெயர் பற்றிக் கவலை வேண்டாம். கணக்குக்கே அப்பாவின் பெயரை 'நினைவு நிதி' என்று வைக்கலாம், காசோலையோடு போகும் கடிதத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். பிள்ளைகளை அடுத்த ஆலோசகர்களாக எழுதி வைக்கலாம். இப்போதே அவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கி, 'நீங்களே ஓர் அமைப்பைத் தேடிச் சொல்லுங்கள்' என்று விட்டுப் பாருங்கள். அவர்கள் தஞ்சாவூர் பள்ளியைத் தேர்ந்தெடுக்காமல் டாலஸில் நாய்கள் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தால் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்களோ மனைவியோ வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கப்போகிறீர்கள், ஆள் வைத்து நீங்களே திட்டம் நடத்தப்போகிறீர்கள், தொகை இதைப்போலச் சில மடங்கு என்றால் நான் ஃபவுண்டேஷன் என்றே சொல்லியிருப்பேன். அந்த நாள் பிறகு வரலாம். அப்போது டி.ஏ.எஃப்.-இல் போட்ட பணத்தை உங்கள் ஃபவுண்டேஷனுக்கு மாற்ற முடியாது என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். ஃபவுண்டேஷனிலிருந்து டி.ஏ.எஃப்.-க்குப் போக வழி இருக்கிறது, நடைமுறையில் எதிர்த்திசையில் இல்லை. அதனால் 12 லட்சத்தில் எவ்வளவை இப்போது போடுவது என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு முறை பேசிவிடுங்கள். பிற்பாடு ஃபவுண்டேஷன் தொடங்குவது என்றால் அது புதுப் பணத்தில்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு போன் கால். ஒன்று கம்பெனி வக்கீலுக்கு: 1202 பிரிவில் என் பங்கு வருமா, பங்கை அறநிறுவனத்துக்கு மாற்ற யார் ஒப்புதல் வேண்டும், இறுதி ஒப்பந்தம் எந்த வாரம் கையெழுத்தாகலாம். 1202-ல் வரும் என்று பதில் வந்தால் அடுத்த அழைப்பே வேண்டாம், விற்றுவிட்டு நிதானமாக எழுதுங்கள். வராது என்றால், அன்றைக்கே டி.ஏ.எஃப். அமைப்பின் சிக்கலான சொத்துகளைக் கவனிக்கும் பிரிவைக் கூப்பிடுங்கள். பட்டியலிடப்படாத பங்கு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்; பொது எண்ணில் எடுப்பவருக்கு இது பழக்கமில்லாத விஷயம்.